ஹெலிகாப்டருக்கு சைலன்சர் மாட்டினால் என்ன? ஐம்பது ஆண்டு அரசு ஆய்வுகள் கண்டது என்ன?

கேள்வி – 4 ஜனவரி 2025

வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு மருத்துவமனை ஹெலிபேட். ஹெலிகாப்டர் இறங்கும்போதுதான் டபடபவென்று ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, ஏறும்போது அவ்வளவு இல்லை. புல்லட்டுக்கே சைலன்சர் இருக்கிறது, இதற்கு மாட்ட முடியாதா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுகளே ஐம்பது ஆண்டாக ஆராய்கின்றன என்கிறார்கள். அப்புறம் ஏன் இன்னும் இந்தச் சத்தம்?

4 ஜனவரி, இரவு

பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இறங்கும்போது இஞ்சின் மிகக் குறைந்த சக்தியில் ஓடுகிறது, சத்தமோ அப்போதுதான் அதிகம். அப்படியானால் சத்தம் இஞ்சினுடையது அல்ல, மேலே சுழலும் பிளேடுடையது. சைலன்சர் மாட்ட அங்கே குழாய் எதுவும் கிடையாது.

பிளேடு சத்தம் போடும் வழிகள் பல. இரண்டுதான் ஊரை எழுப்புபவை. ஒன்று, வேகமாகப் பறக்கும்போது முன்னேறும் பக்கத்துப் பிளேடு (பறக்கும் திசையிலேயே வீசும் பிளேடு) நுனி ஒலிவேகத்தை நெருங்குவது. இன்னொன்று, இறங்கும்போது ஒரு பிளேடு விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் அடுத்த பிளேடு போய் மோதுவது. உங்கள் ஜன்னலைத் தட்டுவது இரண்டாவது.

முதல் வகைக்கு வியத்நாம் போர்க்கால யூஹெச்-1 ஹ்யூயியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோட்டார் (பிளேடுகள் சேர்ந்து சுழலும் தொகுதி) விட்டம் 14.63 மீட்டர், நிமிடத்துக்கு 324 சுற்று, நுனி வேகம் நொடிக்கு 248 மீட்டர். 115 நாட் (மணிக்குச் சுமார் 213 கிலோமீட்டர்) வேகத்தில் பறந்தால் முன்னேறும் பக்கத்தில் இன்னொரு 59 மீட்டர் சேரும், மொத்தம் 307. ஒலிவேகம் 340 என்றால் மாக் 0.90, அதாவது ஒலிவேகத்தில் 90 சதவீதம். அந்த எல்லையில் நுனியில் உருவாகும் அதிர்ச்சி அலை பிளேடோடு நிற்காமல் வெளியே பிய்த்துக்கொண்டு ஓடும். அது ரோட்டார் தளத்திலேயே, அடிவானத்தை நோக்கி முன்னால் போகிறது. ஹ்யூயி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு எட்டியதன் காரணம் அதுதான். இரண்டே பிளேடு என்பதும் காரணம்.

5 ஜனவரி

மோதலைப் பற்றி. ஒவ்வொரு பிளேடு நுனியும் ஒரு சுழலைக் கயிறு மாதிரி பின்னால் விட்டுக்கொண்டே போகிறது. மட்டப் பறப்பில் ரோட்டார் வழியே காற்று கீழே போவதால் அந்தக் கயிறும் கீழே தள்ளப்படும், அடுத்த பிளேடு அதற்கு மேலே கடந்துவிடும். மிகச் செங்குத்தாக இறங்கினால் கயிறு ரோட்டாருக்கு மேலே போய்விடும், அங்கும் மோதல் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கிறது. 60–80 நாட் வேகம், 6 பாகைச் சரிவு என்று வையுங்கள். அந்தப் பட்டையில் கயிறு ரோட்டார் தளத்திலேயே கிடக்கும். பிளேடு அதை ஏறத்தாழ இணையாக அறையும்போது, பிளேட்டின் நீளம் முழுக்க ஒரே கணத்தில் தூக்குவிசை துள்ளும். அந்தத் துள்ளல்தான் டப்.

வருத்தமான பொருத்தம் என்னவென்றால், ஹெலிபேடுக்கு வசதியாக இறங்க விமானி இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் சரிவும் அதே பட்டையில்தான் இருக்கிறது.

5 ஜனவரி, சற்றுப் பிறகு

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "இரண்டே பிளேடு என்பதும் காரணம்" என்று போட்டிருந்தேன். அது அளவுக்கு மீறிய எளிமை. பிளேடு எண்ணிக்கை தீர்மானிப்பது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியையும், ஒவ்வொரு பிளேடும் சுமக்கும் பளுவையும். ஹ்யூயியில் நொடிக்கு 10.8 துடிப்பு. அது காது கேட்கும் எல்லைக்கே கீழே, காது பிடிப்பது கூர்மையான துடிப்பின் மேல்சுரங்களை. துடிப்பை அவ்வளவு கூர்மையாக்குவது நுனியின் மாக் எண். அதே இரண்டு பிளேடை மெதுவாகச் சுற்றினால் அந்த வெடிப்பு வராது.

7 ஜனவரி

சைலன்சரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை ஆர்ப்பா ஓர் அமைதி ஹெலிகாப்டர் திட்டம் நடத்தியது. ஹ்யூஸ் ஓஹெச்-6, காமன் ஹெச்ஹெச்-43, சிகோர்ஸ்கி எஸ்ஹெச்-3 ஆகிய மூன்றையும் எடுத்து, எதை மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் சிஐஏவுக்காகச் செய்யப்பட்ட ஹ்யூஸ் 500பி. முதன்மை ரோட்டாரில் நான்குக்குப் பதில் ஐந்து பிளேடு. வால் ரோட்டாரில் இரண்டுக்குப் பதில் நான்கு, அதுவும் கத்தரிக்கோல் போலச் சமமற்ற கோணத்தில். அதோடு புகைபோக்கி சைலன்சர், குறைந்த சுற்று வேகம். 1972 டிசம்பரில் வட வியத்நாமின் வின் நகரருகே தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்த இது பயன்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. ரோட்டாரை அடக்கிய பிறகுதான் இஞ்சின் சத்தம் வெளியே தெரியும், சைலன்சருக்கு அப்போதுதான் வேலை. முதலில் சைலன்சரை மாட்டினால் எடையும் சக்தி இழப்பும் மிஞ்சும், காதுக்கு வித்தியாசமே தெரியாது.

8 ஜனவரி

"அப்படியானால் எல்லா ஹெலிகாப்டரையும் மெதுவாகச் சுற்றவிட வேண்டியதுதானே" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நுனி வேகத்தைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே வலுவான மருந்து. விலையும் அதற்கேற்பத்தான். தூக்குவிசை வேகத்தின் இருமடியில் போகிறது. 10 சதவீதம் மெதுவாக்கினால் அதே கோணத்தில் 19 சதவீதத் தூக்கு போய்விடும். அதை மீட்க பிளேடு அகலம் கூட வேண்டும், இல்லை எண்ணிக்கை கூட வேண்டும், எப்படியும் மையத் தலைப்பாகத்தின் எடை ஏறும். பின்வாங்கும் பக்கத்துப் பிளேடு சீக்கிரமே ஸ்டால் ஆகித் தூக்கை இழப்பதால் உச்ச வேகமும் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இஞ்சின் நின்றுபோனால் இறங்க உதவும் சுழற்சி ஆற்றல். அதுவும் அதே 19 சதவீதம் குறைகிறது. ஆட்டோரொட்டேஷனில் (இஞ்சின் இல்லாமல் ரோட்டார் சுழற்சியாலேயே இறங்குவதில்) விமானிக்குக் கிடைக்கும் நொடிகளில் கைவைக்கிறோம் என்று பொருள். எந்தச் சான்றளிப்பு அலுவலகமும் இதை எளிதில் விடாது, விடவும் கூடாது.

நடுவழி ஒன்று உண்டு. இசி130 போன்றவற்றில் பறப்பு நிலைக்கேற்பச் சுற்று வேகம் தானாக மாறும், தேவைப்படாதபோது இறங்கும்.

11 ஜனவரி

அளவிடுவதைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளும்.

சத்தச் சான்றளிப்புக்கு அடிப்படை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 16ஆம் இணைப்பு, முதல் தொகுதி. 8ஆம் அத்தியாயப்படி மூன்று நிலைகள்: ஏறுதல், 150 மீட்டர் உயரத்தில் கடத்தல், 6 பாகைச் சரிவில் அளவுப்புள்ளிக்கு மேலே 120 மீட்டரில் இறங்குதல். பாதைக்கு நேர் கீழே ஒரு மைக், இருபுறமும் 150 மீட்டர் தள்ளி ஒவ்வொன்று. ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது ஆறு ஓட்டம். காற்று 10 நாட்டுக்கு மேல் கூடாது, குறுக்குக் காற்று 5க்கு மேல் கூடாது, மழை கூடாது. சரிவு அரைப் பாகைக்கு மேல் பிசகக் கூடாது. முடிவு ஈபிஎன்டிபி என்ற அலகில் வரும். அது வெறும் உச்ச அளவு அல்ல. உச்சத்திலிருந்து 10 டெசிபெல் கீழே வரை நீடிக்கும் காலம், தனித்துக் கேட்கும் சுருதி, இரண்டுக்கும் அபராதம் சேர்த்தது. வரம்பு எடையைப் பொறுத்தது. 80,000 கிலோவிலிருந்து எடை பாதியாகும் ஒவ்வொரு முறையும் 3 குறையும். ஒரு நிலையில் வரம்பை மீறினால் இன்னொன்றில் ஈடுகட்டலாம், ஆனால் எந்த ஒன்றிலும் 3ஐத் தாண்டக் கூடாது, மீறல்களின் கூட்டு 4ஐத் தாண்டக் கூடாது.

எங்கே தவறும் என்றால், முதலில் மைக் உயரத்தில். சான்றளிப்பில் அது தரையிலிருந்து 1.2 மீட்டர். ஹெலிகாப்டர் நேர் மேலே இருக்கும்போது நேரடி ஒலிக்கும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் பாதை வித்தியாசம் 2.4 மீட்டர். அது அரை அலைநீளமாக அமைவது 71 ஹெர்ட்ஸில், அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 142 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று கூட்டும். ஹெலிகாப்டர் 30 பாகை உயரக் கோணத்துக்கு நகர்ந்ததும் வித்தியாசம் 1.2 மீட்டர் ஆகிவிடும், அழிவுக் குழி 142க்குத் தாவும். பிஓ105 என்ற ஹெலிகாப்டரின் வால் ரோட்டார் அடிப்படைச் சுருதி 74 ஹெர்ட்ஸ். தலைக்கு நேரே வரும்போது அது குழிக்குள் விழுந்து காணாமல் போகும். பதிவைப் பார்ப்பவர் வால் ரோட்டார் அமைதியாகிவிட்டது என்று தப்பாக எழுதிவிடக்கூடும்.

அதனால் ஆய்வு அளவீடுகளில் தரைப் பலகை வைப்பார்கள். வட்டத் தகடு, அதன்மேல் மைக்கைத் தலைகீழாகச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தொங்கவிடுவது. வித்தியாசம் அற்பமாகிவிடுவதால் நமக்கு முக்கியமான அதிர்வெண் எல்லாவற்றிலும் ஒரே சீராக 6 டெசிபெல் கூடும், கடைசியில் அதைக் கழித்துவிடலாம். மைக்கைத் தகட்டின் நடு மையத்தில் வைக்கக் கூடாது. விளிம்பில் சிதறும் ஒலி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் மையத்துக்கு வந்து சேரும். தகட்டின் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே சந்து இருந்தாலும் கெடும், மண் அணைத்து மூடிவிட வேண்டும்.

11 ஜனவரி, பின்குறிப்பு

முக்கியமானதை விட்டுவிட்டேன். மேலே சொன்ன மூன்று நிலைச் சோதனை எல்லோருக்கும் கட்டாயம் அல்ல. 3,175 கிலோ வரையிலான இலகு ஹெலிகாப்டர்கள் 11ஆம் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் 150 மீட்டரில் மட்டமாகக் கடப்பது ஒன்றுதான் சோதனை. அதாவது ஆர்44, ஏஎஸ்350 அளவுள்ளவை, டபடப வரும் இறங்கு நிலையில் ஒரு முறைகூட அளக்கப்படாமலே சத்தச் சான்று பெற வழி இருக்கிறது. நகரங்களின் மேல் அதிகம் பறப்பவை இந்த அளவுதான். அரசுகளின் பணம் போன திசையையும் மக்களுக்கு வலிக்கும் இடத்தையும் பிரித்துவைக்கும் ஓட்டை இது என்று நினைக்கிறேன்.

12 ஜனவரி

தரைப் பிரதிபலிப்பையே தவிர்க்க ஒரு வழி: மைக்கை வானத்துக்குக் கொண்டுபோவது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1970களில் ஒரு மோஹாக் விமானத்தில் மைக் கட்டி ஹ்யூயிக்கு முன்னால் பறந்தார்கள். பிறகு லாக்ஹீட் ஒய்ஓ-3ஏ வந்தது. அது வியத்நாமில் இரவு வேவுக்காகவே செய்த அமைதி விமானம், மெதுவாகச் சுற்றும் புரொப்பெல்லரும் நீண்ட சைலன்சரும் கொண்டது. அதையே நாசா ஏம்ஸ் மையம் பறக்கும் மைக் கம்பமாக வைத்துக்கொண்டது. ஒய்ஓ-3ஏ முன்னால் போகும், ஹெலிகாப்டர் குறித்த தூரத்தில் ஒட்டிப் பறக்கும். தரையில் நின்றால் கடந்துபோகும் சில நொடிகள்தான் கிடைக்கும். இங்கே ஒரே நிலையில் நிமிடக்கணக்கில் பதிவு செய்து, நூற்றுக்கணக்கான சுற்றுகளைச் சராசரி எடுக்கலாம். துடிப்பின் உண்மையான வடிவம் அப்படித்தான் துல்லியமாகத் தெரிந்தது.

கேள்வி கேட்டவருக்கு: சைலன்சர் ஆராய்ச்சிக்கு உதவிய இடம் இதுதான். ஆனால் அது மாட்டியிருந்தது அளந்தவனுக்கு, அளக்கப்பட்டவனுக்கு அல்ல.

15 ஜனவரி

இனி குறைப்பது. அரசு ஆய்வுகளில் மிக அழகானது என்று நான் கருதுவது ஹார்ட் என்ற ரோட்டார் சத்தச் சோதனை. ஜெர்மனியின் விமான, விண்வெளி ஆய்வு மையம் டிஎல்ஆர், பிரான்சில் அதே பணி செய்யும் ஒனேரா, நாசா, அமெரிக்க ராணுவம் நான்கும் சேர்ந்து 1994இல் செய்தது. இடம் நெதர்லாந்தின் மார்க்னெசேயில் உள்ள டிஎன்டபிள்யூ காற்றுச் சுரங்கம். 2001 அக்டோபரில் இரண்டாம் சுற்று.

மாதிரி, பிஓ105 ரோட்டாரின் 40 சதவீத அளவு. ஆரம் 2 மீட்டர், நான்கு பிளேடு, நிமிடத்துக்கு 1,041 சுற்று. அளவு சிறுத்தாலும் நுனி வேகம் அசலுக்குச் சமமாக வேண்டும் என்பதால் சுற்று அத்தனை அதிகம். அதனால் அதிர்வெண்களும் இரண்டரை மடங்கு மேலே போகும், பதிவைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

செய்தது இதுதான். சாதாரணமாக பிளேட்டின் பிட்ச் கோணம் (பிளேடு சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதன்மேல் சுற்றுக்கு மூன்று முறை ஏறி இறங்கும் ஒரு சிறு அசைவைச் சேர்த்தார்கள். வீச்சு 0.8 பாகைதான். நான்கு பிளேடு ரோட்டாரில் இதை உண்டாக்க, பிளேடுகளின் பிட்சை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட்டைச் சுற்றுக்கு நான்கு முறை ஆட்ட வேண்டும், இந்த மாதிரியில் நொடிக்கு 69 முறை. அசைவு எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்ற கட்டக் கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சரியான கட்டத்தில், சுழல் பிறக்கும் இடத்திலேயே அதன் வலு மாறுகிறது, பிளேடுக்கும் சுழலுக்கும் இடையே தூரமும் கூடுகிறது. மோதல் சத்தம் 6 டெசிபெல் வரை இறங்கியது.

இரண்டாம் சுற்றில் லேசர் ஒளித்தகடு பாய்ச்சி, காற்றில் மிதந்த துகள்களைப் படமெடுத்து, சுழல்கள் போகும் பாதையையே நேரடியாகக் கண்டார்கள். எல்லாத் தரவையும் மற்ற நாட்டு ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது புதிய ரோட்டார் கணிப்பு நிரல் எழுதினால் முதலில் உரசிப் பார்ப்பது இதில்தான்.

15 ஜனவரி, இரவு

படித்துவிட்டு ஒருவர் "பிறகு ஏன் எல்லா ஹெலிகாப்டரிலும் இல்லை" என்கிறார். ஹார்ட்டின் கசப்பான பாதி அது. சத்தம் மிகக் குறைந்த கட்டக் கோணமும் அதிர்வு மிகக் குறைந்த கட்டக் கோணமும் வேறு வேறு. 300 பாகையில் சத்தம் குறைவு, 180 பாகையில் அதிர்வு குறைவு. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கைநழுவும். ஊருக்கு அமைதி வேண்டுமானால் உள்ளே இருப்பவர் குலுங்க வேண்டும், பிட்ச் இணைப்புத் தண்டுகளும் சீக்கிரம் களைக்கும். போதாக்குறைக்கு, விமானத்தின் உயிரே தொங்கும் ஸ்வாஷ்பிளேட்டில் வேகமாக ஆடும் ஹைட்ராலிக் இயக்கிகளைச் சேர்க்கிறோம். அது கோளாறானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம்பும்படி பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் அடுத்து, பிளேட்டின் பின்விளிம்பிலேயே சிறு மடல் வைத்தார்கள். 2008இல் ஏம்ஸின் 40க்கு 80 அடி காற்றுச் சுரங்கத்தில் எம்டி900இன் முழு அளவு ஐந்து பிளேடு ரோட்டார் சோதிக்கப்பட்டது. அழுத்தமின் அடுக்குகளால் (மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே நீளும் பொருளால்) இயங்கும் மடல்கள், ஸ்மார்ட் ரோட்டார் என்று பெயர், பணம் டார்பாவும் (மேலே சொன்ன ஆர்ப்பாவின் பிந்தைய பெயர்) நாசாவும் ராணுவமும் போட்டது. மடல் நின்றுபோனாலும் ஹெலிகாப்டர் பறக்கும் என்பதுதான் இதன் பெரிய நன்மை. சத்தமும் குறைந்தது, அதிர்வும் குறைந்தது. விற்பனைக்கு வரும் பிளேட்டில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

16 ஜனவரி

6 டெசிபெல் அவ்வளவுதானா என்ற கேள்விக்கு: 3 என்றால் ஒலி ஆற்றல் பாதி. 6 என்றால் ஒலி அழுத்தம் பாதி, அதாவது ஹெலிகாப்டர் இருமடங்கு தூரத்துக்குப் போன மாதிரி. காதுக்குப் "பாதிச் சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழ 10 வேண்டும்.

19 ஜனவரி

அசையும் பாகமே இல்லாமல் குறைத்த கதை பிளேடு வடிவத்தில். ஒனேராவும் டிஎல்ஆரும் 1990களில் எராட்டோ என்ற திட்டத்தில், முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும் வளையும் பிளேடை வடித்தன. நேரான பிளேடு சுழலை நீளம் முழுக்க ஒரே கணத்தில் அறைகிறது. வளைந்த பிளேடோ அதே சுழலைப் பகுதி பகுதியாகக் கடக்கிறது. மொத்த அடி பல சின்ன அடிகளாகப் பிரிந்து, ஒன்றாகச் சேர முடியாமல் போகிறது. 2007இல் இசி155இல் பறந்தபோது 3 முதல் 4 டெசிபெல் குறைவு. இன்று ஏர்பஸ் ஹெச்160இன் ரோட்டாரில் காணும் வளைவு அதுதான். பொதுப்பணத்தில் தொடங்கிய ஆய்வு நேராகச் சந்தைக்கு வந்துசேர்ந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வால் ரோட்டார் பக்கம் வந்தால், பிரான்சில் 1968இல் கஸெல் முன்மாதிரியில் முதலில் பறந்த ஃபெனெஸ்ட்ரான். வாலுக்குள் புதைத்த விசிறி, பிளேடுகளைச் சமமற்ற இடைவெளியில் வைத்துச் சத்தத்தைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் ராணுவப் பணத்தில் ஹ்யூஸ் செய்த நோட்டார் 1981இல் ஓஹெச்-6இல் பறந்தது. வால் ரோட்டாரே கிடையாது. வால் குழாயின் பக்கவாட்டுப் பிளவுகளிலிருந்து காற்றைக் கசியவிட்டு, ரோட்டாரின் கீழ்க்காற்றைக் குழாயோடு ஒட்டி வளையச் செய்து பக்கவிசை எடுப்பார்கள்.

20 ஜனவரி

நேற்றைய ஃபெனெஸ்ட்ரான் வாக்கியத்தில் இரண்டு தவறு. சமமற்ற இடைவெளி கஸெலில் இல்லை. அங்கே 13 பிளேடும் சம இடைவெளிதான், அதனால்தான் அந்தக் கீச்சொலி. சமமற்ற இடைவெளி இசி135இன் பத்து பிளேடு விசிறியோடு வந்தது. இரண்டாவது, இடைவெளியை மாற்றினால் ஒலி ஆற்றல் குறையாது. ஒரே சுருதியில் குவிந்தது பல சுருதிகளில் பரவும், அவ்வளவே. காதை உறுத்துவது தனிச்சுருதி என்பதால் ஆறுதல் கிடைக்கிறது.

உண்மையான குறைப்பு வேறு வழியில் வருகிறது. சிறிய, வேகமான, பல பிளேடு விசிறி சத்தத்தை உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளுகிறது. 20 பாகை வெப்பம், 70 சதவீத ஈரப்பதத்தில் காற்று ஒரு கிலோமீட்டருக்கு 125 ஹெர்ட்ஸில் 0.3 டெசிபெல்தான் விழுங்கும். 1,000 ஹெர்ட்ஸில் 5, 4,000 ஹெர்ட்ஸில் 23. ஹெலிபேட் வாசலில் நிற்பவருக்கு ஃபெனெஸ்ட்ரான் தொல்லை, அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பெரும்பாலும் நிம்மதி.

26 ஜனவரி

இந்த இழையில் எழுத வேண்டும் என்று நான் காத்திருந்தது இதைத்தான். இருக்கிற ஹெலிகாப்டரை, ஒரு திருகுகூட மாற்றாமல், பறக்கும் விதத்தால் அமைதியாக்குவது. கடந்த பத்து ஆண்டுகளில் நாசா, அமெரிக்க ராணுவம், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ மூன்றும் அதிகம் உழைத்தது இதில். 2017இல் ஆறு இலகு ரகங்களை ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் மைக் வரிசைகளின் மேல் பறக்கவிட்டார்கள்: ஆர்44, ஆர்66, பெல் 206எல், பெல் 407, ஏஎஸ்350, இசி130. சீரான இறக்கம் மட்டுமல்ல, வேகம் குறைத்துக்கொண்டே இறங்குவது, திரும்பிக்கொண்டே இறங்குவது எல்லாம் அளந்தார்கள்.

அடிப்படைக் கணக்கு எளிது. சுழல்கயிறு எங்கே கிடக்கும் என்பதை ரோட்டார் தளம் காற்றோடு செய்யும் சாய்வுதான் தீர்மானிக்கிறது. வேகத்தைக் குறைக்க விமானி ரோட்டாரைப் பின்னால் சாய்ப்பார். நொடிக்கு 1 நாட் குறைத்தால் அது புவியீர்ப்பில் 0.052 பங்கு, கோணத்தில் 3 பாகை. அதாவது நொடிக்கு 2 நாட் குறைத்துக்கொண்டு மட்டமாகப் பறப்பதும் 6 பாகைச் சரிவில் சீராக இறங்குவதும் ரோட்டாருக்கு ஒன்றுதான். இறங்கவே தொடங்காத ஹெலிகாப்டர் தலைக்கு மேல் டபடபவென அடிப்பது இதனால்தான்.

எண்களில் பாருங்கள். 100 நாட்டிலிருந்து 60க்கு 20 நொடியில் வந்தால் 820 மீட்டர் தூரம் முழுக்க அறைதான். அதையே நொடிக்கு அரை நாட்டாக, 80 நொடியில், 3.3 கிலோமீட்டரில் செய்தால் சாய்வு ஒன்றரைப் பாகைக்குச் சமம், மோதல் பட்டைக்கு வெளியே. ஆகவே வேகம் குறைப்பதை முன்னதாகவே, உயரத்திலேயே, ஆறு அல்லது நெடுஞ்சாலையின் மேல் தொடங்க வேண்டும்.

பிறகு இறக்கம். 60 நாட்டில் 6 பாகை என்றால் நிமிடத்துக்கு 635 அடி, அது பட்டையின் நடு. 9 பாகை என்றால் 950 அடி, பட்டையைத் தாண்டிவிடும், வீடுகளுக்கு மேல் உயரமும் கிடைக்கும். பெல் ரகங்களின் விமானிகள் இந்தப் பட்டைக்குப் "பொரித்த முட்டை" வரைபடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிடை அச்சில் வேகம், செங்குத்தில் இறங்கு வீதம், மஞ்சள் கரு இருக்கும் இடம் மிகச் சத்தம். கருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நடுவில் தங்கக் கூடாது.

எச்சரிக்கை: செங்குத்தாக இறங்குவது வேகம் இருக்கும்போது மட்டும். காற்று வேகம் 30 நாட்டுக்குக் கீழே போன பிறகு நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கினால் ரோட்டார் தன் கீழ்க்காற்றிலேயே மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. வால்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம். சத்தத்துக்காக அந்த எல்லையைத் தொடவே கூடாது.

பக்கமும் முக்கியம். மோதல் சத்தம் பெரும்பாலும் முன்னேறும் பிளேடு பக்கம், முன்னும் கீழுமாகப் போகும். மேலிருந்து பார்த்தால் அமெரிக்க ரகங்கள் இடமாகச் சுற்றும், அவற்றுக்கு அது வலப்பக்கம். ஏஎஸ்350, இசி130 வலமாகச் சுற்றும், அவற்றுக்கு இடப்பக்கம். வீடுகளை மறுபக்கம் வைத்து வந்தால் அதற்கு ஒரு காசு செலவில்லை. இறுக்கமான திருப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 45 பாகை சாய்த்தால் ரோட்டார் 1.41 மடங்கு பளு சுமக்கும், சுழலும் அந்த அளவு வலுக்கும்.

27 ஜனவரி

"ஒரே விமானி, ஒரே பாதை, ஒருநாள் அமைதி, ஒருநாள் இடி" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். காற்றைக் கணக்கில் எடுங்கள். ரோட்டாருக்குத் தரைச்சரிவு தெரியாது, காற்றோடு உள்ள சரிவுதான் தெரியும். 60 நாட் காற்று வேகத்தில், தரையோடு 6 பாகையில் இறங்கும்போது எதிர்க்காற்று 15 நாட் இருந்தால் காற்றோடு உள்ள சரிவு நாலரைப் பாகைதான். அதே 15 நாட் வால்காற்றானால் ஏழரை. ஒரே பாதையில் ஒருநாள் கருவுக்குள், மறுநாள் விளிம்பில்.

27 ஜனவரி, மாலை

உயரத்தைப் பற்றி நேற்று "உயரமும் கிடைக்கும்" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். உயரம் இருமடங்கானால் உச்சம் 6 டெசிபெல் குறையும், சரி. ஆனால் சத்தம் கேட்கும் நேரமும் இருமடங்காகும். மொத்த ஒலி வெளிப்பாட்டில் கிடைக்கும் லாபம் ஏறத்தாழ 3தான், காற்று விழுங்குவது அதற்கு மேல் கொஞ்சம். உயரம் நல்லதுதான், அதைமட்டும் விதியாகப் போட்டுவிட்டு ஒதுங்கினால் போதாது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எஃப்ஏஏ 2012இல் வடகரைக் கடல்வழியைக் கட்டாயமாக்கியபோது உயரம் 2,500 அடி என்று எழுதியது. கடலோடு போகும்வரை அது உதவும். கடலைவிட்டு உள்ளே திரும்பி இறங்கும் இடத்தில் நேற்றைய கணக்குத்தான் ஆட்சி செய்யும்.

2 பிப்ரவரி

குளிர்கால அதிகாலையில் அதிகம் கேட்பது மனப்பிரமையா என்று ஒருவர். இல்லை. ஒலிவேகம் 0 பாகையில் 331 மீட்டர், 40 பாகையில் 355. முன்பு போட்ட ஹ்யூயியின் அதே 307 மீட்டர் குளிரில் மாக் 0.93, வெயிலில் 0.86. சுற்று வேகம் மாறவில்லை, துடிப்பின் கூர்மை மாறிவிட்டது. ராணுவமும் நாசாவும் ஒரே ஏஎஸ்350ஐக் கடல்மட்டத்தருகேயும் ஏறத்தாழ 4,000, 7,000 அடி உயர இடங்களிலும் கொண்டுபோய் அளந்தது இதற்காகத்தான். ஓரிடத்தில் அளந்த சத்த வரைபடத்தை வேறொரு காற்றுக்கு அப்படியே ஒட்ட முடியாது. அதிகாலையில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பும் இருந்தால் ஒலி மேலே தப்பாமல் கீழே வளைவதும் சேர்ந்துகொள்கிறது.

6 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் கைப்பேசியில் அளந்து 62 டெசிபெல் என்று போட்டிருக்கிறார், மருத்துவமனையிடம் காட்டலாமா என்கிறார். அந்த எண்ணைக் காட்டாதீர்கள். செயலி காட்டுவது ஏ-எடை, அதாவது மனிதக் காதின் உணர்வுக்கேற்பத் திருத்திய அளவு. அது 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல்லையும், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபெல்லையும் கழித்துவிடும். உங்கள் கண்ணாடியை ஆட்டுவது அந்தத் தாழ் அதிர்வெண்கள்தான். கைப்பேசி மைக்கே தாழ்சுரத்தை வடிகட்டும், சத்தம் கூடியதும் தானே ஏற்பளவைக் குறைத்தும் கொள்ளும்.

அதற்குப் பதில் இரண்டு வாரம் இதைக் குறியுங்கள்: தேதி, நிமிடம் வரை நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, டபடப தொடங்கியபோது எங்கே இருந்தது, அப்போது இறங்கிக்கொண்டிருந்ததா மட்டமாகவா, மூக்கு மேலே தூக்கியிருந்ததா, உங்கள் வீடு அதன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம். மூக்கு தூக்கியபடி மட்டமாக வந்துகொண்டே அடித்தது என்றால், வேகம் குறைப்பது தாமதமாகத் தொடங்குகிறது. ஹெலிகாப்டரை இயக்குபவரிடம் கேட்க வேண்டியது "சத்தத்தைக் குறையுங்கள்" என்பதல்ல. "60 நாட்டுக்கு வருவதை இரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே முடித்துவிட்டு வர முடியுமா, வீடுகளை மறுபக்கம் வைத்து வர முடியுமா" என்று கேளுங்கள். நோயாளியோடு வரும் அவசர ஓட்டத்தில் அவர்கள் மறுக்கலாம், அது நியாயம். காலியாகத் திரும்பும் ஓட்டங்களில் மறுக்கக் காரணம் இல்லை.

குறித்ததை இங்கே போடுங்கள், ரகம் எது என்றும் எழுதுங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்தால் பாதையை வரைந்தே பார்த்துவிடலாம்.